பழைய டெம்போவுக்குப் புது கியர் ஆயில்

கியர் பாக்ஸ் மிஸ்திரியிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், "ஆயில் மாத்தணுமா?" என்று, வேண்டாம் என்கிற பதிலை வீட்டிலிருந்தே கையோடு கொண்டுவந்திருப்பார்கள்.

மும்பை செம்பூரில் ரயில்வே லைனை ஒட்டி எங்கள் ஷெட். நானும் என் மச்சினன் சுடலையும் சேர்ந்து நடத்துகிறோம். குடியிருப்பு தாராவியில். புது வண்டி எங்களிடம் வராது. அதெல்லாம் கம்பெனி சர்வீசுக்குப் போய்விடும். மூன்று கை மாறி, மீட்டர் நின்று, எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்று எவருக்கும் தெரியாத டெம்போக்கள்தான் எங்கள் வாடிக்கை. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கிவிட்டு, முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு சத்தத்துக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டிய அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்களும் நம்ம கூட்டம்தான்.

இதில் ஷெட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. நிறைய ஓடிய வண்டியில் பழைய ஆயிலைத் தொடக்கூடாது, தொட்டால் கியர் பாக்ஸ் படுத்துவிடும் என்பது சுடலையின் கட்சி. கறுத்துப்போன ஆயிலை வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் ஆபத்து என்பது என் கட்சி. இருபது வருஷமாக ஒரே டப்பாவில் மதியச் சோறு சாப்பிடுகிறோம். இந்த விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனதில்லை.

கொலைப் பழி

சுடலையின் கட்சிக்கு ஊர் முழுக்க ஆள் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தாராவியில் பழைய பிளாஸ்டிக் வியாபாரம் செய்யும் கதிர்வேல் ஒருநாள் தன் டெம்போவைக் கொண்டுவந்தார். மூன்றாவது கியர் போட்டால் தானாக நழுவி வெளியே வந்தது. ஒரு கையால் ஸ்டியரிங்கையும் இன்னொரு கையால் கியர் கம்பையும் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறார். கியர் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன். அதற்கெல்லாம் நேரமில்லை, ஆயிலை மட்டும் மாற்று, அதிலேயே சரியாகிவிடும் என்றார். அப்போது எனக்குத் தொழிலில் வயது பத்தாது. வாடிக்கையாளர் சொன்னதைச் செய்தேன்.

பத்தாம் நாள் முலுந்து பக்கம் நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டது. உள்ளே பல் உடைந்து பெட்டி இறுகிப்போயிருந்தது. ஆயில் மாற்றாமல் விட்டிருந்தாலும் அது அந்த மாதத்தைத் தாண்டியிருக்காது. கடைசி நேரத்தில் வைத்தியரைக் கூப்பிட்டுவிட்டுச் சாவுக்கு அவரைக் குற்றம் சொல்கிற கதைதான். ஆனால் அதைச் சொல்லி நிரூபிக்க என் கையில் எதுவும் இல்லை. பழைய ஆயிலை அன்றே சாக்கடை ஓரத்து டிரம்மில் கொட்டியிருந்தேன். அன்றிலிருந்து யார் வண்டியில் ஆயிலை இறக்கினாலும் ஒரு பாட்டிலில் பிடித்து, பெயர் எழுதி வைத்துக்கொள்கிறேன். கதிர்வேல் இன்றைக்கும் என்னை டீக்கடையில் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது இதுதான்: "என் வண்டி நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு, இவன் ஊத்துன எண்ணெய்தான் அதக் கொன்னுச்சு."

வெல்லப் பாகு

பேச்சியம்மாள் எங்கள் ஷெட்டுக்கு வந்தது ஒரு மே மாத வெயிலில். தாராவியில் தன் வீட்டிலேயே நான்கு கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி, கல்யாணிலும் அம்பர்நாத்திலும் இருக்கிற சின்னச் சின்ன ஹோட்டல்களுக்கும் கேன்டீன்களுக்கும் கொடுக்கிறவர். அதுவரை வாடகை வண்டியை நம்பியிருந்தார். வாடகை வண்டிக்காரன் ஒருநாள் தாமதமாக வந்தால் போதும், மாவு பொங்கி வாளியை விட்டு வெளியே வந்துவிடும். அதனால் நாற்பத்தி மூன்று வயதில் டிரைவிங் பழகி, லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய டெம்போவை வாங்கிவிட்டார். அதற்காகத் தெருமுனையில் வைத்திருந்த இட்லிக் கடையையும் விட்டாயிற்று. விற்ற புரோக்கர் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறான்: கியர் ஆயிலை மட்டும் தொடாதீர்கள்.

ஓட்டிப் பார்த்தேன். அவ்வளவு பழைய வண்டியில் கியர் பாக்ஸ் சத்தமே இல்லை. எனக்கு அங்கேதான் இடித்தது. கியர் பெட்டியின் அடியில், ஆயிலை வடிக்கிற பிளக்கைக் கழற்றினேன். ஆயில் ஒழுகவில்லை, வெல்லப் பாகு மாதிரி மெதுவாக இழுத்துக்கொண்டு இறங்கியது. உள்ளே தேய்ந்துபோன பாகங்கள் போடுகிற சத்தத்தை அமுக்குவதற்காகக் கெட்டியான எதையோ கலந்து ஊற்றியிருந்தார்கள். நல்ல ஆயில் ஊற்றினால் சத்தம் வெளியே வந்துவிடும். சுடலை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தம்மாவே ஒரு வண்டியை நம்பி இறங்கியிருக்கிறது, இருக்கிறபடியே மூடிக் கொடுத்துவிடுவோம் என்றான். நான் பேச்சியம்மாளிடமே எல்லாவற்றையும் சொல்லி, முடிவு உங்களுடையது என்றேன். அந்தப் பாகை ஒரு விரலால் தொட்டு எடுத்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "சத்தம் கேக்கக் கூடாதுன்னா நான் காதுல பஞ்சு வச்சுக்கிடுதேன் அண்ணாச்சி. பெட்டிக்கு எதுக்கு வைக்கணும்?"

வீட்டுக்காரரின் நியாயம்

நல்ல ஆயில் ஊற்றியதும் நான் பயந்தபடியே ஆயிற்று. இரண்டாவது, மூன்றாவது கியரில் வண்டி ஊளையிட ஆரம்பித்தது. மறுநாள் அவருடைய வீட்டுக்காரர் ஆறுமுகம் வந்தார். தாராவியில் ஒரு பேக் தைக்கிற இடத்தில் கட்டிங் வேலை. அதிர்ந்து பேசாத மனுஷர். அன்றைக்கு ஷெட்டு வாசலில் நின்று, நன்றாக ஓடிய வண்டியை நாசம் பண்ணிவிட்டாய் என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி சத்தம் போட்டார். பக்கத்து வெல்டிங் கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். 'நான் சொன்னேனே' என்பதைச் சுடலை முகத்திலேயே எழுதி வைத்திருந்தான்.

ஆறுமுகத்தை உட்காரவைத்து, பாட்டிலில் பிடித்து வைத்திருந்த பாகைக் காட்டினேன். பிளக்கின் நுனியில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். உள்ளே தேய்கிற இரும்பெல்லாம் அதில்தான் வந்து ஒட்டும். அதைத் துடைக்காமல் வைத்திருந்தேன். விரலால் தொட்டுப் பாருங்கள் என்றேன். கண்மை மாதிரி வழுவழுவென்று இருந்தது. இப்படி மையாக வந்தால் தேய்மானம், துண்டு துண்டாக வந்தால் உடைவு, உங்கள் வண்டியில் இதுவரை எதுவும் உடையவில்லை, இப்போது தெரிந்ததால் காப்பாற்றிவிடலாம் என்று விளக்கினேன். அவர் துணி வெட்டுகிறவர் அல்லவா, அந்த மையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நெடுநேரம் தேய்த்துப் பார்த்தார். கோபம் போய்விட்டது. கிளம்பும்போது மட்டும் சொன்னார்: "இது தெரியாம இருந்தப்ப நிம்மதியாத் தூங்குனோம் மிஸ்திரி."

பால் விட்ட காபி

நடுவில் மாட்டுங்கா ராமநாதன் சாரைச் சொல்லியாக வேண்டும். ரயில்வே ஆபீசில் ரிட்டயர் ஆனவர். மருமகனோடு சேர்ந்து கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறார். அண்டா குண்டான் ஏற்ற ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறார். ஜூலை மழையில் கிங்ஸ் சர்க்கிளில் அது அரை நாள் தண்ணீரில் நின்றது. சார் என்னிடம் வருவதற்குள் செல்போனில் உலகத்தையே படித்து முடித்திருந்தார். பழைய வண்டியில் ஆயில் மாற்றினால் போச்சு என்று ஒருவன் எழுதியிருக்கிறானாம், மாற்றாவிட்டால் போச்சு என்று இன்னொருவன் எழுதியிருக்கிறானாம். நான் பிளக்கைக் கழற்றிக் காட்டினேன். பால் விட்ட காபி நிறத்தில் இறங்கியது. தண்ணீர் உள்ளே போயிருந்தது. அதற்குமேல் அவர் எதையும் படிக்கவில்லை.

ஒரேயடியாகக் கழுவாமல், புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டச் சொல்லி, அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றினேன். அடுத்த மாதம் சார் குடையை ஊன்றிக்கொண்டு மறுபடி ஷெட்டில் நிற்கிறார், முகமெல்லாம் கவலை. எங்கே கோளாறு என்று பதறினேன். கியர் நழுவுகிறதா? இல்லை. சத்தம்? இல்லை. ஒழுகுகிறதா? அதுவும் இல்லை. பின்னே எதற்கு வந்தீர்கள் என்றேன். "அறுநூறு கிலோமீட்டர் ஓடிடுத்து, ஒண்ணுமே ஆகலை. அதான் பயமா இருக்கு."

அட்டையில் எண்ணிய சொட்டு

பேச்சியம்மாளின் டெம்போவுக்கு வருவோம். புது ஆயில் உள்ளே இருந்த பழைய பிசுக்கையெல்லாம் கரைத்தது. அந்தப் பிசுக்குதான் தேய்ந்துபோன ரப்பர் சீலின் இடைவெளியை அதுவரை அடைத்துக்கொண்டிருந்தது போல. இப்போது ஆயில் சொட்ட ஆரம்பித்தது. வாசலில் கறை படிகிறது என்று சந்தில் புகார். அவர் தினம் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவிட்டு, காலையில் சொட்டுகளை எண்ணி, தேதி போட்டு எடுத்துக்கொண்டு வருவார். ஒருநாள் நான்கு, ஒருநாள் ஏழு. நானும் அளவு பார்த்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். பதினொன்று என்று அட்டை வந்த அன்றைக்கு, பெட்டியைப் பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். இரண்டு நாள் வண்டி நிற்கும். அந்த இரண்டு நாளும் ஆறுமுகம் லீவு போட்டு, ஒரு தெரிந்தவரின் ஆட்டோவில் மாவு வாளிகளை ஏற்றி ஐந்து தடவை கல்யாணுக்குப் போய் வந்தார்.

பல் போயிருந்தால் அந்தப் பெட்டி குப்பைக்குத்தான். புதுப் பெட்டி போடுகிற நிலையில் அவர்கள் இல்லை. அதற்குப் பேசாமல் மறுபடி தெருமுனையில் அடுப்பைப் பற்றவைக்கலாம். மூடியைத் தூக்கினோம். பல் சக்கரம் ஒவ்வொன்றாகத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தான் சுடலை. ஒரு பல்கூடச் சேதமில்லை. கீழ் ஷாப்டைத் தாங்குகிற ஒரு பேரிங் மட்டும்தான் அம்மை போட்ட மாதிரி குழி குழியாக இருந்தது. ஊளைச் சத்தம் அதனுடையது. இன்னும் சில மாதம் அது அப்படியே கிடந்திருந்தால் ஷாப்ட் ஆட்டம் கண்டு மொத்தத்தையும் தின்றிருக்கும். சுடலை அந்தப் பேரிங்கைக் காதோரம் வைத்துச் சுழற்றினான். கரகரவென்றது. என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிடுதேன் அத்தான். இந்த வண்டிக்கு மட்டும்."

முத்திரை உடையாத டப்பா

இதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பேரிங்கும் சீலும் மாற்றி, பெட்டியை மூடி, ஆயில் ஊற்றி வண்டியைக் கொடுத்துவிட்டோம். ஊளை போய்விட்டது. ஆயுத பூஜை வாரத்தில் ஆர்டர் அதிகம் என்று பேச்சியம்மாள் கிரைண்டரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு கல்யாணில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வாரம் அங்கேயே தங்கி ஆட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு. நாங்களும் பூஜைக்காக ஷெட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம். அலமாரியிலிருந்து சுடலை ஒரு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தான். பேச்சியம்மாள் வண்டிக்கென்று வாங்கிவந்த கியர் ஆயில். முத்திரைகூட உடையவில்லை. அப்படியென்றால் அன்றைக்கு நான் ஊற்றியது பக்கத்தில் இருந்த, பின் சக்கர அச்சுக்கு ஊற்றுகிற ஆக்சில் ஆயில். டப்பா ஒரே நிறம், நம்பரில் மட்டும்தான் வித்தியாசம். ஆனால் அதில் இருக்கிற மருந்து கியர் பாக்ஸ் உள்ளே இருக்கிற பித்தளை வளையங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும்.

இன்றோ நாளையோ ஒன்றும் ஆகாது. ஏழெட்டு மாதத்தில் கியர் விழும்போது கரகரக்கும். அப்போது பழைய வண்டி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. எவருக்கும் தெரியாது. இந்த யோசனை எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். சுடலை அதற்குள் சட்டையை மாற்றிக்கொண்டு, ஆயில் பிடிக்கிற தட்டை ஒரு கோணிப்பையில் சுற்றிக் கட்டிவிட்டு, கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டான். செம்பூரிலிருந்து குர்லா, குர்லாவில் மாறி கல்யாண். கூட்டத்தில் அந்தத் தட்டை அவன் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டே வந்தான். ரயிலில் ஆயில் ஏற்றக்கூடாது என்பதால் அந்த டப்பாவை ஷெட்டிலேயே விட்டுவிட்டு, வேறு ஆயிலைக் கல்யாண் ஸ்டேஷனுக்கு வெளியே வாங்கிக்கொண்டோம். இந்தமுறை இரண்டு பேரும் தனித்தனியாக நம்பரைப் படித்துப் பார்த்தோம்.

பேச்சியம்மாள் கை நிறைய மாவோடு வாசலுக்கு வந்தார். வேறு ஆயிலை மாற்றி ஊற்றிவிட்டேன், தப்பு என்னுடையது என்று நேராகவே சொன்னேன். நிறைய பேச்சு கேட்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் வண்டியைப் பார்த்தார், கோணிப்பையைப் பார்த்தார், வேர்த்து விறுவிறுத்து நின்ற எங்களைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "எண்ணெ வடிய அரை மணி நேரம் ஆவும்லா? அதுக்குள்ள ரெண்டு பேரும் கைய கழுவிட்டுச் சாப்பிட உக்காருங்க."

மும்ப்ரா ஏற்றம்

போன ஜனவரியில் பேச்சியம்மாள் மறுபடி வந்தார். அம்பர்நாத்தைத் தாண்டி பத்லாப்பூரில் மூன்று கேன்டீன்காரர்கள் மாவு கேட்கிறார்களாம். அவ்வளவு தூரம் தினமும் வண்டி தாங்குமா, தாங்காதா? இதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். நிற்கிற வண்டியை வைத்துச் சொல்ல முடியாது, சுமையோடு ஓடும்போது கேட்க வேண்டும் என்றேன். மறுநாள் விடிந்ததும் நான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். பின்னால் முப்பத்தைந்து வாளி மாவு. ஆறுமுகம் வாளிகளுக்கு நடுவே துணிக் கந்தல் செருகி, ஒன்றோடு ஒன்று இடிக்காமல் கட்டியிருந்தார். அதிலும் துணி வெட்டுகிறவரின் சுத்தம் இருந்தது.

மும்ப்ரா பைபாஸ் ஏற்றம் வந்ததும் ரேடியோவை நிறுத்தச் சொன்னேன். அவர் செல்போனையும் அணைத்துவிட்டார். மூன்றாவது கியரில் வண்டி ஏறியது. வண்டியின் தரையில் கை வைத்தேன், கியர் கம்பில் இரண்டு விரலை வைத்தேன். இரண்டாவதுக்கு இறக்குங்கள் என்றேன். இறக்கினார், முனகல்கூட இல்லாமல் விழுந்தது. ஏற்றத்தின் உச்சிவரைக்கும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பரீட்சை எழுதியது வண்டி, பயந்துகொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேர்.

இறக்கத்தில், லேசான ரீங்காரம் இருக்கிறது, அது வயதுக்கு உள்ளது, பயப்பட வேண்டாம் என்றேன். ஆயிலை மட்டும் நாள் தள்ளாமல் மாற்றிக்கொண்டிருந்தால் பத்லாப்பூர் என்ன, அதற்கு மேலேயும் போகலாம் என்றேன். சந்தோஷப்பட்டு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் செல்போனை உயிர்ப்பித்து என்னிடம் கொடுத்து, வீட்டு நம்பரைப் போடச் சொன்னார். ஆறுமுகம் எடுத்ததும், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் சொன்னார்: "நாளைக்கு மூணு கேன்டீன் கூடுது. இன்னைக்கே அரிசியக் கூட்டி ஊறப்போட்டுருங்க."

இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எவ்வளவு ஓடிய வண்டிக்கும் தாராளமாகப் புது ஆயில் ஊற்றலாம், ஊற்றிய மறுநாள் வருகிற போனை எடுத்துப் பேசுகிற தைரியம் மட்டும் மிஸ்திரிக்கு இருந்தால் போதும்.